கண்ணை மூட மறுக்கிற பிள்ளை

டெல்டா மாவட்டம் ஒன்றில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தரக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

எட்டாம் வகுப்பு, 42 பிள்ளைகள். கோடை விடுமுறையில் இரண்டு நாள் ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்து, மனதில் வருவதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிக்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சியைக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து தினமும் முதல் பீரியடில் பத்து நிமிடம் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, மூச்சைக் கவனிக்க வேண்டும். செல்போனில் ஓங்கார ஒலி ஓடும். அதன்பிறகு 'மன நோட்டு' என்று ஒரு நாற்பது பக்க நோட்டில், மனதில் இருப்பதை எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பார்.

முதல் மாதம் வகுப்பே மாறிவிட்ட மாதிரி இருந்தது என்கிறார். பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கல் வந்திருக்கிறது. ஒரு மாணவி கண்ணை மூடியதும் உடல் நடுங்கி, மூச்சு வாங்கி அழுதுவிட்டாள். தினமும் சிரித்துக்கொண்டே இருந்த இரண்டு பையன்களை வராந்தாவில் நிற்க வைத்தார். ஒரு பிள்ளையின் அப்பா வந்து, "எங்க வீட்டுல வேற சாமி கும்பிடுறோம், இது எதுக்கு டீச்சர்?" என்று கேட்டார், "இது வெறும் அறிவியல்தான்" என்று சொல்லி அனுப்பினார். தலைமையாசிரியரோ, "முதல்ல போர்ஷனை முடிங்க" என்கிறார். இதற்கு நடுவே, இன்னொரு மாணவியின் மன நோட்டில் நான்கு வரி: ராத்திரி மாமா வீட்டில் படுக்கப் பயமாக இருக்கிறது, மாமா வந்தால் தூங்குவது போல நடிப்பேன், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.

அவர் கேட்பது இவைதான். நான் செய்வது தப்பா? நிறுத்திவிடட்டுமா? நம்பி எழுதியதை வெளியே சொன்னால் அந்தப் பிள்ளைக்குத் துரோகம் ஆகாதா? கையெழுத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி: "எனக்கே ரெண்டு மாசமா ராத்திரி தூக்கம் வர்றதில்லை."

அன்புள்ள டீச்சர்,

42 பிள்ளைகளின் நோட்டையும் சனி ஞாயிறில் உட்கார்ந்து படிக்கிறவர் நீங்கள். யாரும் செய்யச் சொல்லாத வேலை இது. இதற்குச் சம்பளமும் கிடையாது, பதவி உயர்விலும் கணக்கில் வராது. அந்த அக்கறையை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன். சில இடங்களில் நான் சொல்வது உங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் அந்த நான்கு வரி

மற்ற எல்லாம் ஒரு வாரம் பொறுக்கலாம். இது பொறுக்காது. அதனால்தான் உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதற்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். இதே நிலையில் வேறு ஆசிரியர்களும் இருப்பார்கள் என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

ரகசியத்தைக் காப்பாற்றினால்தான் அந்தப் பிள்ளையின் நம்பிக்கையைக் காப்பாற்றியதாகும் என்று நினைக்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை நீங்கள் படிப்பீர்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாள். ஒரு பெரியவருக்காவது இது தெரியட்டும் என்றுதான் அவள் எழுதியிருப்பாள். 'யாரிடமும் சொல்லாதீர்கள்' என்பதில் இருப்பது, சொன்ன பிறகு என்ன ஆகுமோ என்ற பயம். அம்மா நம்புவாளா, அடிப்பாளா, மாமாவுக்குத் தெரிந்துவிடுமா, பள்ளிக்கூடம் முழுக்கப் பேசுவார்களா என்ற பயம். நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்தப் பயத்துக்கு.

நான் வழக்கறிஞர் இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்கிற மனநல ஆலோசகர். ஆனால் சட்டத்தின் இந்தப் பகுதி எங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19-இன்படி, 18 வயதுக்குட்பட்ட ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், அதை உள்ளூர்க் காவல்நிலையத்துக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். ஆதாரம் கையில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டால், பிரிவு 21-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்ல எண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் பாயாது என்றும் அதே பிரிவு 19 சொல்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டால் என் கடமை முடிந்தது என்று பல ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். முடியாது. அவர் காதில் போடுங்கள், ஆனால் அவர் "பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டதாலேயே உங்கள் பொறுப்பு நீங்கிவிடாது.

அந்த நான்கு வரியில் பாலியல் தொடர்பான சொல் ஒன்றும் இல்லை என்பதையும் நான் கவனித்தேன். அந்த மாமா குடித்துவிட்டு வந்து கத்துகிறவராகவும் இருக்கலாம். எது என்று துப்புத்துலக்குவது உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்கு அழைத்து, பெயர் சொல்லாமல்கூட நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு என்று விசாரிப்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

அதற்கு முன் பிள்ளையிடம் ஒரு தடவை பேச வேண்டும். மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் காதில் விழாத இடமாகப் பாருங்கள். வேப்பமரத்தடி, ஆய்வகத்தின் ஜன்னலோரம் மாதிரி. "நீ எழுதினதைப் படிச்சேன்மா. எழுதினது ரொம்ப நல்லது. உன் மேல தப்பே இல்லை. உன்னைப் பத்திரமா வச்சுக்கத் தெரிஞ்ச ஓரிரண்டு பேர்கிட்ட மட்டும் நான் சொல்லணும். யார்கிட்ட சொல்றேன்னு உனக்குத் தெரியாம சொல்ல மாட்டேன்." இவ்வளவு போதும். "மாமா தொட்டாரா?" என்பது போலப் பதிலை நாமே எடுத்துக்கொடுக்கும் கேள்வி வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள். அவள் சொன்ன வார்த்தைகளிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். நோட்டைப் பத்திரப்படுத்துங்கள். வீட்டாரை அழைத்து நேருக்கு நேர் உட்கார வைக்காதீர்கள். அன்று இரவும் அவள் அந்த வீட்டில்தான் தூங்க வேண்டியிருக்கலாம். போலீஸ் என்றதும் அவள் மிரண்டால் இதையும் சொல்லலாம்: பிள்ளையின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்புகிற இடத்திலோதான் வாங்க வேண்டும். கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை போடாமல் வந்து கேட்க வேண்டும். பிரிவு 24 இதை எழுதியே வைத்திருக்கிறது.

நடுங்கிய பிள்ளையும் சிரித்த பையன்களும்

கண்ணை மூடினால் அமைதி வரும் என்று உங்கள் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு வரும். சிலருக்குக் கண்ணை மூடுவதுதான் ஆபத்து தொடங்கும் இடம். வீட்டில் அடிதடியைப் பார்த்த பிள்ளை, விபத்தில் யாரையாவது இழந்த பிள்ளை, இருட்டில் ஏதோ நடந்த பிள்ளை, இவர்களெல்லாம் கண்ணைத் திறந்து வைத்திருப்பதாலேயே தங்களைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறார்கள். வீசிங் உள்ள பிள்ளைக்கு 'மூச்சைக் கவனி' என்றால் மூச்சு கிடைக்காமல் போன இரவுகள்தான் நினைவுக்கு வரும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த பிள்ளை உள்ளே கவனித்தால் பசியைத்தான் கவனிக்கும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றுதான் வந்தது. உங்கள் எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் வெறும் வயிற்றோடு முதல் பீரியடில் உட்கார்கிறார்கள் என்று ஒருநாள் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளிகளுக்குப் பேசப் போன ஆரம்ப வருடங்களில் நானும் "எல்லாரும் கண்ணை மூடுங்க" என்றுதான் தொடங்குவேன். ஒரு வகுப்பில் ஒரு பையன் மட்டும் மூடவில்லை. இரண்டு முறை சொன்னேன். மூன்றாவது முறை அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அப்பாவை மூடிய கண்ணோடு பெட்டியில் பார்த்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது என்று பிறகு வகுப்பாசிரியர் சொன்னார். அந்த வாக்கியத்தை அன்றோடு விட்டேன்.

அந்த மாணவிக்கு மறுபடி அப்படி வந்தால், "கண்ணைத் திறம்மா, காலைத் தரையில நல்லா ஊனு, இந்த ரூம்ல நீலக் கலர்ல என்னென்ன இருக்கு சொல்லு" என்று வெளி உலகத்துக்கு அழைத்து வாருங்கள். பக்கத்தில் அவள் தோழி இருக்கட்டும். ஏன் அழுதாய் என்று வகுப்பில் வைத்துக் கேட்காதீர்கள். இரண்டாவது முறையும் வந்தால், பெற்றோரிடம் பேசி, மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சிரித்த பையன்கள் விஷயம் சின்னது, ஆனால் அங்கேதான் இந்தப் பயிற்சியின் அடிப்படையே இடறுகிறது. பதின்மூன்று வயதுப் பையன்கள் 42 பேர் நடுவில் கண்ணை மூடச் சொன்னால் கூச்சத்தில் சிரிக்கத்தான் செய்வார்கள். மனதில் வருவதைத் தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது என்று கற்றுக்கொடுத்துவிட்டு, வந்த சிரிப்புக்குத் தண்டனை கொடுத்தோம் என்றால், பிள்ளைகள் கற்றுக்கொள்வது தண்டனையைத்தான். வேண்டாம் என்று சொல்ல முடியாத அமைதி வகுப்புக் கட்டுப்பாடாக இருக்கலாம், மைண்ட்ஃபுல்னெஸாக இருக்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வராந்தாவில் நிற்க வைத்ததை நீங்கள் பெரிதாக நினைக்காமல் இருக்கலாம், அவர்கள் நினைத்திருப்பார்கள். அடுத்த வாரம் அந்த இருவரிடமும் கடிகாரத்தைக் கொடுத்து நேரம் சொல்லும் பொறுப்பை ஒப்படையுங்கள்.

அந்த அப்பாவின் கேள்வி நியாயமானது

அரசியலமைப்பின் 28ஆவது கூறு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாது என்கிறது. ஓங்காரம் மத போதனையா இல்லையா என்று சட்டம் படித்தவர்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். உங்களுக்கு அந்த வாதம் தேவையில்லை. மூச்சைக் கவனிக்க ஒலி எதுவும் வேண்டாம், நாளையே எடுத்துவிடுங்கள்.

அதைவிட என்னை உறுத்தியது "வெறும் அறிவியல்தான்" என்ற உங்கள் பதில். அது முழு உண்மை இல்லை. இந்தப் பயிற்சியின் வேர் பௌத்தத் தியான மரபில் இருக்கிறது. ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், தீராத வலியோடு இருந்த நோயாளிகளுக்கான பயிற்சியாக இதை மாற்றி அமைத்தார். வழிபாடு, நம்பிக்கை எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் அது மருத்துவமனைக்குள் வந்தது. அந்த அப்பாவை மறுபடி வரச் சொல்லி, எங்கிருந்து வந்தது, எதை எடுத்துவிட்டோம், வகுப்பில் என்ன செய்கிறோம் என்று உள்ளபடி சொல்லுங்கள். ஒருநாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிறகும் வேண்டாம் என்றால், அவர் பிள்ளை அந்த நேரத்தில் படம் வரையட்டும், புத்தகம் படிக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒருமுறை சொல்லிவிடுவது உங்களுக்குப் பாதுகாப்பு.

மார்க் கூடுமா?

'விஞ்ஞானப்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது, கவனமும் மதிப்பெண்ணும் கூடும்' என்று பயிற்சியில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தலைமையாசிரியரிடமும் இதையே சொல்லித்தான் அனுமதி கேட்டீர்களாம். இந்த வாதத்தைக் கைவிடுங்கள். பிரிட்டனில் மிரியட் என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள், 11 முதல் 14 வயது வரையிலான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், அதாவது உங்கள் பிள்ளைகளின் வயதுக்காரர்கள். முடிவுகள் 2022இல் வந்தன. நன்றாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்தியும்கூட, பள்ளியில் ஏற்கெனவே நடந்துவந்த வாழ்க்கைத் திறன் வகுப்புகளைவிட இதனால் மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதல் பயன் தெரியவில்லை. ஏற்கெனவே மனச்சிக்கல் அபாயத்தில் இருந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்ற அறிகுறியும் இருந்தது. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை.

இதைச் சொல்வதால் எல்லாம் வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையிலிருந்து 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' என்று எட்டாம் வகுப்பு வரை தனிப் பீரியடே ஒதுக்கினார்கள். சில நிமிட அமைதி, அதன்பின் கதை, உரையாடல், விளையாட்டு. பெரும் பகுதி பேச்சுதான் என்பதைக் கவனியுங்கள். கையேடும் பயிற்சியும் துறையின் ஆதரவும் அவர்களுக்கு இருந்தன. நீங்கள் தனி ஆளாக நிற்கிறீர்கள். அதனால் சிறியதாகச் செய்வதுதான் சரி.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பத்து நிமிடத்தை மூன்றாக்குவேன். கண் திறந்தே இருக்கலாம், டெஸ்க்கில் ஒரு புள்ளியைப் பார்க்கலாம், மூட விரும்புகிறவர் மூடலாம். மூச்சுக்குப் பதிலாகச் சத்தங்கள்: காக்கா, ரோட்டில் போகிற பஸ், சத்துணவுக் கூடத்தில் உருளும் அண்டா. ஒரு நிமிடத்தில் எத்தனை சத்தம் என்று எண்ணட்டும். நீங்கள் அறிவியல் ஆசிரியை என்பதால் இன்னொன்றும் உங்களுக்குக் கைவரும். மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடித் துடிப்பை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கட்டும். மைதானத்திலிருந்து ஓடிவந்ததும் ஒரு முறை, மூன்று நிமிடம் சும்மா உட்கார்ந்தபின் ஒரு முறை. தன் உடம்பு தானே அடங்குவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். தலைமையாசிரியரிடம் போர்ஷன் என்றே காட்டலாம், அதில் பொய்யும் இல்லை.

மன நோட்டை என்ன செய்வது

மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்பதற்கு ஆய்வு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்டது. ஆனால் அதில் எழுதியவர்கள் கல்லூரி மாணவர்கள். நாள் ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம், நான்கே நாள். துயரத்தை எழுதியவர்களுக்கு எழுதி முடித்த உடனே மனம் கூடுதலாகக் கனத்தது. பின்வந்த மாதங்களில்தான் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது. அவர்கள் எழுதியதைப் படித்து மறுநாள் வகுப்பில் முகம் பார்க்கிற டீச்சர் யாரும் அங்கே இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளையைத் தினமும் காலையில் மனதைக் கிளறி எழுதச் சொல்லிவிட்டு, உடனே ஒளிவிலகல் நடத்தினால் கிளறியது அப்படியே திறந்து கிடக்கும். 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்?' என்ற கேள்வி, சோர்வில் இருக்கும் பிள்ளையைச் செக்குமாடு போல ஒரே இடத்தில் சுற்ற வைக்கும்.

நோட்டு தொடரட்டும், வாரம் ஒரு நாள் மட்டும். கேள்வியை மாற்றுங்கள். இந்த வாரம் எது கஷ்டமாக இருந்தது? அப்போது யார் உதவினார்கள்? அடுத்த முறை என்ன செய்து பார்ப்பேன்? தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாள் இதற்கு மிக நல்ல நாள். எந்தக் கேள்வியில் தடுக்கியது, படிக்கவில்லையா, படித்தும் புரியவில்லையா, புரிந்தும் அவசரப்பட்டேனா என்று ஐந்து நிமிடம் எழுதினால், அதைவிடப் பயனுள்ள சுயபரிசோதனை அந்த வயதுக்கு வேண்டியதில்லை. மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி, பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டி 2022இல் சுமார் 3.8 லட்சம் மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 81 சதவீதம் பேர் படிப்பும் தேர்வும் முடிவுகளும்தான் பதற்றத்துக்குக் காரணம் என்றார்கள். தலைமையாசிரியரிடம் பேச உங்களுக்கு இந்த எண் உதவும்.

எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை வேண்டாம், மார்க்கும் வேண்டாம். மடித்த பக்கத்தைப் படிக்க மாட்டேன் என்று சொல்லி, அதைக் கடைப்பிடியுங்கள். அதோடு, திங்கட்கிழமை நோட்டைக் கொடுக்கும் முன்பே ஒன்றை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்: "மடிக்காத பக்கத்தை நான் படிப்பேன். யாருக்காவது ஆபத்துன்னு தெரிஞ்சா என்னால அதை மறைச்சு வைக்க முடியாது, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவேன்." இதை ஜூன் மாதமே சொல்லியிருந்தால் இன்று உங்களுக்குத் துரோகம் என்ற அந்த எண்ணமே வந்திருக்காது. உங்களுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு நாள் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கியிருக்க வேண்டியது அவர்கள்.

கையெழுத்துக்குக் கீழே இருந்த வரி

மிரியட் ஆய்வில் மாணவர்களுக்குக் கூடுதல் பயன் தெரியாவிட்டாலும், ஆசிரியர்களின் தொழில் சோர்வு ஓரளவு குறைந்தது பதிவானது. நீங்கள் கற்ற பயிற்சியை 42 பேருக்குக் கொடுத்தீர்கள், உங்களுக்கு எடுத்துக்கொண்டீர்களா என்று கடிதத்தில் எங்கும் இல்லை. இரண்டு மாதத் தூக்கமின்மை சின்ன விஷயம் இல்லை. வார இறுதிகளில் அந்த நோட்டுகளைத் தனியாக உட்கார்ந்து படித்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே நினைக்கிறேன். எங்கள் தொழிலில் பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு, கனமானதை மூத்தவர் ஒருவரிடம் சொல்லி இறக்கிவைப்பது வழக்கம். உங்களுக்கு அப்படி யாரும் இல்லை.

நான் மேலே கொடுத்த 14416 பிள்ளைகளுக்கு மட்டுமான எண் இல்லை. இந்த வாரம் நோட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள். அந்த நேரத்தில் அந்த எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அரசு மருத்துவமனைக்கு ஒரு நடை போய்வாருங்கள். அந்தப் பிள்ளையின் விஷயம் 1098 வழியாக எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் தூங்கினீர்களா என்றும் சேர்த்து எழுதுங்கள்.